டேப்பட் சத்தம் அடங்கினால் போதாது

பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில், ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஆறிய நிலையில் 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ., இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூட இடம் விடுவதுதான் அந்த இடைவெளியின் வேலை. அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பேணி வைத்திருக்கும் வண்டிகளுக்கு இந்த இடைவெளியைச் சரிசெய்ய, அதாவது டேப்பட் வைக்க, தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருவதால், வைத்த பின் வரும் கோளாறுகளை முறையாகத் தேடத் தெரிந்திருப்பது முக்கியம்.

சத்தம் போடும் வால்வைவிடச் சத்தமே போடாத வால்வுதான் ஆபத்தானது. "டக் டக்" ஒலி பிடிக்காமல் ராக்கரின் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அது தடைபட்டால் விளிம்பு கருகும். முதலில் போவது எக்ஸாஸ்ட் வால்வு.

டேப்பட் வைத்ததும் இன்ஜின் மிஸ் அடித்தால் கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது. வால்வு கவரைக் கழற்றும்போது பிளக் ஒயர் நழுவியிருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம். சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையை முதலில் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வழியே திருப்பி அடித்தால் இன்லெட் வால்வையும், சைலன்சரில் வெடித்தால் எக்ஸாஸ்ட் வால்வையும் சந்தேகிக்கலாம்.

உறுதிப்படுத்துவது கம்ப்ரஷன் கேஜ்தான். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் சுற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதன் இடைவெளியை மீண்டும் அளந்து சரிசெய்து பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஏறாவிட்டால் பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டுச் சோதிக்கலாம். ஆயிலுக்கு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் ஹெட் கேஸ்கட்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் போகாவிட்டால் ராக்கர் முனையைப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பள்ளத்தின் மேல் பாலமாக நின்றுவிடும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். லாக் நட்டை இறுக்கும்போது திருகு கூடவே சுழல்வதும் வழக்கம், ஆகவே இறுக்கிய பின் மறுபடி அளக்காத வேலை முடிந்த வேலையல்ல. எந்த வால்வு திறந்திருக்கும்போது எதை அளப்பது என்பதற்கு இரண்டு எண்களும் கூடி ஒன்பதாகும் ஒன்பதின் கணக்கு உதவும்: எட்டாவது முழுதாகத் திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது.

ராக்கர் ஷாஃப்டையே கழற்றியிருந்தால் விசாரணை இன்னும் ஆழமாகப் போக வேண்டும். இந்த இன்ஜினில் ஷாஃப்டைத் தாங்கும் கால்களின் நான்கு நட்டுகள் ஹெட்டையும் பிடிப்பவை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்தாமல் அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் கோணலாகும், கேஸ்கட் வழியே தண்ணீர் கசியும். புஷ் ராடு கீழே குழியில் சரியாக அமராமல் நின்றாலும் அந்த வால்வு ஒழுங்காகத் திறக்காது.

எல்லாம் சரியெனத் தோன்றினால் குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வந்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி நின்றும், ஆயில் விட்டும் கம்ப்ரஷன் வராத தனிச் சிலிண்டருக்கு ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங் செய்வதைத் தவிர வழியில்லை.