சைக்கிளில் நாய்க்குட்டி: எப்படி ஏற்றுவது? எதற்காக ஏற்றுவது?

2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நாய்களைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையிலும் பேச்சு, கோர்ட்டிலும் பேச்சு.

அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்றது. ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்பது அந்த உத்தரவு.

தெருநாயைப் பிடிக்க வண்டி வரும். வீட்டு நாயை ஊசிக்கு அழைத்துப் போக எந்த வண்டி வரும்? வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சமவெளியில் அது எளிது. நீலகிரியில் அப்படி அல்ல. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் ஒரு சரிவில் இருக்கும். கால்நடை ஆஸ்பத்திரியோ கீழே டவுனில் இருக்கும். நாயை ஏற்ற பஸ்காரர் தயங்குவார். ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தால், அதுதான் நாய்க்குட்டிக்கும் வாகனம்.

மலையும் சைக்கிளும்

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,300 அடி உயரத்தில் இருக்கிறது ஊட்டி. குன்னூர் சுமார் 6,000 அடி உயரம். ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மலையில் சைக்கிள் மிதிப்பதை ஒரு சாதனையாகவே கருதுகிறார்கள். 2008-ஆம் ஆண்டு முதல் "டூர் ஆப் நீலகிரிஸ்" என்ற சைக்கிள் யாத்திரை நடக்கிறது. வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வந்து மூச்சு வாங்க மலை ஏறுகிறார்கள்.

நெதர்லாந்து நாட்டில் மக்கள் தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். அங்கே சைக்கிள் கூடையில் நாய் உட்கார்ந்து போவது சாதாரணக் காட்சி. ஆனால் அது தட்டையான நாடு. அங்கே செய்வதை அப்படியே கோத்தகிரிச் சரிவில் செய்தால் நாய்க்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

காரணம் என்ன? இறக்கத்தில் சைக்கிள் தானாகவே வேகம் பிடிக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நாலு மடங்காகிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடும். மழையில் நனைந்த சக்கரத்தில் பிரேக் கட்டை வழுக்கும். அந்த நேரம் பார்த்து முன்கூடையில் இருக்கும் நாய் துள்ளினால், கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பக்கத்தில் இருப்பதோ பள்ளம்.

கூடை எங்கே இருக்க வேண்டும்?

நாய் சின்னது, நாலைந்து கிலோதான். ஆனால் அது அரிசிப் பை அல்ல. அசையும், திரும்பும், குதிக்கும். ஆகவே பாரம் தாழ்வாகவும், வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் இருக்க வேண்டும். சைக்கிளின் பின் கேரியரில் இறுகக் கட்டிய மூங்கில் கூடையோ, கம்பிக் கூடையோ நல்லது. கூடையின் அடியில் பழைய கம்பளியோ, சாக்கோ மடித்துப் போட வேண்டும். வால், கால், கயிறு எதுவும் சக்கரத்துக் கம்பிக்குள் போகாதபடி ஓரத்தில் மறைப்பு வேண்டும்.

நாயைக் கூடையில் கட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் கழுத்தில் கட்டக்கூடாது. நாய் வெளியே குதித்தால் கழுத்துப் பட்டை தூக்குக் கயிறு ஆகிவிடும். மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும் வாரில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். நாய் எழுந்து உட்காரலாம், கூடையைத் தாண்டி வெளியே வர முடியாது என்ற அளவுக்குக் கயிறு இருந்தால் போதும்.

சிலர் நாய்க்குட்டியைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். அது பெரிய தவறு. மனிதனுக்கு வேர்ப்பதுபோல நாய்க்கு உடம்பு முழுவதும் வேர்ப்பது இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சாக்குக்குள் காற்று இல்லை. வாயை இறுகக் கட்டினால் நாக்கை நீட்டவும் வழி இல்லை. நாய் வழியிலேயே மயங்கிவிடலாம், இறந்தும் போகலாம்.

சைக்கிளோடு நாயைக் கட்டி ஓட விடுவதும் தவறு. இறக்கத்தில் சைக்கிள் ஓடும் வேகத்துக்குக் குட்டி நாயால் ஓட முடியாது. பாதம் தேய்ந்து ரத்தம் வரும்.

ஆகவே மலைக்கு ஏற்ற விதி ஒன்று உண்டு. சம தரையில் மிதிக்கலாம். செங்குத்தான ஏற்றத்திலும் இறக்கத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதானே? பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதும் நல்லது. தேயிலைக் காட்டில் சிறுத்தை உண்டு. நாய் என்றால் அதற்கு இரை. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், குன்னூரில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்து ஆட்களைக் காயப்படுத்தியதை மலை மக்கள் மறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960-ஆம் ஆண்டு வந்தது. அதற்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. பரதநாட்டியத்துக்குப் புகழ் சேர்த்த ருக்மணி தேவி அருண்டேல்தான் அவர். ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது இதற்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

வண்டியிலோ, வேறு விதமாகவோ ஒரு பிராணியைத் தேவை இல்லாமல் துன்பப்படும்படி கொண்டுபோவது அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். லாரியில் மாடுகளை அடைப்பதற்கு மட்டும் அல்ல, சைக்கிளில் நாய்க்குட்டியைத் தொங்கவிடுவதற்கும் இது பொருந்தும். முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. தொகை சின்னதுதான். ஆனால் வாய் இல்லாத ஜீவனுக்கும் வலி உண்டு என்று அது ஒப்புக்கொண்டது.

எதற்காக இந்தப் பிரயாணம்?

இவ்வளவு சிரமப்பட்டு நாயை ஏன் கொண்டுபோக வேண்டும்? ஒரே ஓர் ஊசிக்காக. வெறிநோய்த் தடுப்பு ஊசிக்காக.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99, நாயால் வருவதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் முற்றி, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. 2024-ல் இந்தியா முழுவதும் 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவாயின. நாயால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது.

எப்படி ஒழிப்பது? கணக்கு எளிது. ஓர் ஊரில் 100 நாய் இருந்தால் 70 நாய்க்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். அப்போது நோய் ஒரு நாயில் இருந்து இன்னொரு நாய்க்குத் தாவ வழி இல்லாமல் அடங்கிவிடும். ஒரு லைனில் 20 நாய் இருந்தால் 14 நாய்க்கு ஊசி வேண்டும். "என் ஒரு நாயால் என்ன ஆகப் போகிறது?" என்று ஏழு வீட்டுக்காரர்கள் இருந்துவிட்டால் 13 நாய்தான் மிஞ்சும், கணக்கு தப்பிவிடும்.

நீலகிரியில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய கால்நடை டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று இந்த மலையிலேயே இருக்கிறது. "வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ்" என்ற அமைப்பு அதை நடத்துகிறது. ஜூலை 6-ந் தேதியை ஒட்டியும், செப்டம்பர் 28-ந் தேதியை ஒட்டியும் கால்நடைத் துறை இலவச ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதிதான் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள்.

குன்னூர் சொல்லும் கதை

அந்தப் பாஸ்டர் பெயரில் குன்னூரில் ஒரு நிலையம் இருக்கிறது. 1902-ல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தார். தென்னாட்டில் அப்போது சிகிச்சை இல்லை. வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். ரெயிலில் போய்ச் சேரவே பல நாள் ஆகும். அந்த மரணம் பலரை உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் தந்த நன்கொடையில் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது.

பல காலம் அங்கே ஆட்டு மூளையில் இருந்து மருந்து தயாரித்தார்கள். வயிற்றில் நாள்தோறும் வரிசையாகப் போடும் ஊசி அது. அந்தப் பழைய மருந்தை 2004-ஆம் ஆண்டோடு இந்தியா கைவிட்டது. இன்றைய ஊசி கையில் போடுவது, நாலைந்து தடவைதான். ஆனால் "வயிற்றில் ஊசி" என்ற பயம் மட்டும் இன்னும் சிலருக்குப் போகவில்லை. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்து உயிரை விடலாமா?

அன்று தூரம் ஓர் உயிரைக் கொன்றது. இன்று ஊசி பக்கத்து டவுனில் இருக்கிறது. மிச்சம் இருப்பது சில மைல் மலைப் பாதைதான்.

எந்த நாயை ஏற்றக்கூடாது?

ஒன்று முக்கியம். திடீரென்று குணம் மாறிய நாய், வாயில் எச்சில் ஒழுகும் நாய், தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும் நாய், குரல் மாறிக் குரைக்கும் நாய், கண்டதை எல்லாம் கடிக்கும் நாய் — இவற்றைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது. தூக்கவும் கூடாது. குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு, கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. "குட்டிதானே, பல் பட்டால் என்ன?" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். கூடையில் ஏற்றும்போது ஒரு சின்னப் பல் கீறினாலும் அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பக்கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குப் பணம் இல்லை. டாக்டர் சொல்லும் நாட்களில் ஒன்றுகூடத் தவறக்கூடாது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி போடலாம். அடுத்த ஊசி எப்போது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைக்க வேண்டும்.

லைன் வீட்டுப் பிள்ளைகள் அந்த நாயோடுதான் விளையாடுகிறார்கள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்கள். ஆகவே கூடையில் போவது நாய்க்குட்டி. காப்பாற்றப்படுவது வீட்டுக் குழந்தை. மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாலும் சரி, போய்ச் சேருவதுதான் முக்கியம்.