எந்தக் கருவியில் அளந்தீர்கள்?

நாற்பதில்தான் போனேன். விசிலடித்து மறித்தார்கள். ‘ஓவர் ஸ்பீடு.’ எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்றேன். ‘கண்ணு இருக்குல்ல?’ அடுத்துக் கேட்டது லைசென்ஸ் அல்ல. ‘எந்த ஊருடா? ஊருல எந்தப் பக்கம்?’ காலனி என்றதும், ‘அதான பாத்தேன். வண்டி யாருது?’

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வேகமாகப் போனான் என்ற ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை வைத்து மட்டும் தண்டிக்க முடியாது. அது கருவியால் அளந்ததாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கண் அளந்தது வேகத்தையா, தெருவையா?

வேகமாய்ப் போனால் அபராதம் போடட்டும். ரோட்டுல அடிபட்டுச் சாகிறது எங்க புள்ளைகளுந்தான். ஆனால் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன மனசு காக்கிக்குள்ளும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று அவர் குடும்பம் குற்றஞ்சாட்டியது. அரிவாள் கேட்பதும் லத்தி கேட்பதும் ஒரே கேள்விதான்: உனக்கெதுக்குடா வண்டி?

தோழர்களே, மறித்தால் நிற்போம். லைசென்ஸைக் காட்டுவோம், முகவரி அதிலேயே இருக்கிறது. அளவைக் கேட்போம், ரசீதைக் கேட்போம். சாதியை மட்டும் நம் வாயால் ஒப்பிக்க மாட்டோம்.