நாற்காலியை மாற்றினால் கணக்கு நேராகிவிடுமா?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் யார் பெரியவர்? காலத்துக்கொரு பதில். 1978-ல் இயக்குநருக்கு மேலே சம்பளத்துக்கு ஒரு தலைவரை உட்கார வைத்தார்கள். 1999-ல் இயக்குநர் பிலிப் டி மான்டிபெல்லோவிடமே தலைமை நிர்வாகி பொறுப்பும் வந்தது. 2017-ல் மறுபடி பிரித்தார்கள். 2023-ல் திரும்பவும் ஒட்டிவிட்டார்கள், மாக்ஸ் ஹொலைனிடம்!

பிரிப்பதா சேர்ப்பதா என்று மேனேஜ்மென்ட் புத்தகக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். 2017-ல் நடந்ததைப் பாருங்கள். பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. சுமார் 60 கோடி டாலர் மதிப்பிட்ட புதிய கட்டடப் பகுதியை ஜனவரியில் ஒத்திப்போட்டார்கள். பிப்ரவரியில் இயக்குநர் தாமஸ் கேம்ப்பெல் ராஜினாமாவை அறிவித்தார். அவர் மேல் தப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய செலவுக்கு ஒரு ஆள் தனியாகக் கையெழுத்துப் போட முடியுமா? விட்னி அருங்காட்சியகத்தின் பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து 2016-ல் 'மெட் பிராயர்' திறந்ததும் அறங்காவலர் குழு சம்மதித்துத்தானே? அந்தக் குழுவின் தலைவர் டேனியல் பிராட்ஸ்கி 2011-ல் வந்தவர், 2020 வரை அசையவில்லை. மெட் பிராயரும் அதே 2020-ல் மூடப்பட்டது, அது வேறு கதை.

பில் யாருக்குப் போனது? அதுவரை வெளியூர்க்காரரும் இஷ்டப்பட்டதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். 2018 மார்ச்சிலிருந்து நியூயார்க் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்குக் கட்டாயம் 25 டாலர், 2022-ல் 30. வாசலில் டிக்கெட் வாங்குகிறவருக்குக் குழுவில் ஓட்டு கிடையாது.