கைக் குழாய் இதயத்துக்கு: ஆஞ்சியோவுக்கு முன்பே கேளுங்கள்

"கையில இருக்கிற ரத்தக்குழாயை எடுத்துட்டா, அப்புறம் கை விளங்குமா டாக்டர்?" பைபாஸ் என்றதும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான பயம்தான்.

பெரும்பாலானோருக்குக் கை விளங்கும். கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்னார் என இரண்டு தமனிகள் உள்ளங்கைக்கு வருகின்றன; அங்கே ஒன்றோடொன்று இணைகின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். சமாளிக்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். கையை இறுக மூடச் சொல்லி, இரண்டு தமனிகளையும் அழுத்தி, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டால் வெளுத்த உள்ளங்கை சில விநாடிகளில் சிவக்க வேண்டும். இது ஆலன் சோதனை. டாப்ளர் ஸ்கேனும் உண்டு. அறுவைக்குப் பின் கட்டைவிரல் பக்கம் கொஞ்ச நாள் மரத்துப்போகலாம்.

சரி, காலில் எடுத்தால் என்ன? காலில் எடுப்பது சிரை. தமனியின் அழுத்தம் அதற்குப் பழக்கமில்லாதது. பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி அடைத்துக்கொள்கிறது.

கைத் தமனியின் கதையும் நேராக வந்ததல்ல. 1970-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலன் கார்பெந்தியே இதைப் பயன்படுத்தினார். குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டதால் கைவிட்டார்கள். பல ஆண்டு கழித்து, 'போச்சு' என்று நினைத்த சில குழாய்கள் திறந்தே இருப்பது தெரிந்தது! சுருக்கத்தைத் தடுக்கும் மருந்துகளோடு 1992-ல் மறுபடி வந்தது. காலின் சிரையைவிட இது நீடிப்பதாக 2018-ல் வெளியான, 1,036 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு காட்டியது. ஆனால் அடைப்பு லேசாக இருக்கும் இடத்தில் இது சரிப்படாது. பழைய வழியிலேயே ரத்தம் ஓடினால் புதுக்குழாய் சுருங்கிவிடும்.

நம் கவலை வேறு இடத்தில். இப்போது ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செய்யப்படுகிறது. தொடை வழியைவிட ரத்தக்கசிவு குறைவு, நல்லதுதான். ஆனால் ட்யூப் நுழைந்த தமனியின் உட்சுவர் காயப்படும். பிறகு அதை பைபாஸுக்கு எடுக்கத் தயங்குவார்கள். வலது கைக்காரருக்கு இடது கையில்தான் வழக்கமாக எடுப்பார்கள். அந்தக் கையிலேயே ஆஞ்சியோவும் செய்துவிட்டால்?

எனவே, மேஜையில் படுக்கும் முன்பே, "எந்தக் கையில போடப்போறீங்க, பின்னாடி பைபாஸ் தேவைப்பட்டா எந்தக் கை மிச்சம் இருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் அதையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைக்க அதே தமனி தேவைப்படலாம்.