கொம்பு வைத்த கடைக்காரரும் கொள்முதல் கணக்கும்

இருட்டு நகரம். விடாத மழை. கல் பாவிய ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒரு கடை. கதவைத் திறந்தால் மணி அடிக்காது, முனகும். கல்லாவில் கொம்பு முளைத்த முதலாளி உட்கார்ந்திருப்பார். அலமாரியில் மனிதத் தோலில் பைண்டு செய்த நோட்டு, விரல் எலும்பில் செதுக்கிய பேனா, ரத்தம் நிரப்பிய மைக்கூடு. விலை கேட்டால் ஒரு சிரிப்பு. "காசா? அது யாருக்கு வேணும் தம்பி..."

டார்க் ஃபேன்டஸி நாவல், காமிக்ஸ், வீடியோ கேம் என்று எதைத் தொட்டாலும் இந்த ஸ்டேஷனரி கடை ஏதாவது ஒரு மூலையில் திறந்தே இருக்கிறது. வெளியே வந்தால் அதே நோட்டை ரப்பரில் அச்சடித்து, அட்டையில் ஒரு மூஞ்சியும் ஒட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும், ரெக்கார்டு நோட்டை விடப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை நோட்டில் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் தலையில் இருக்கிறது. அந்தக் கொம்பு ஒரு பச்சைப் பொய்.

வியாபாரக் கணக்கு என்று ஒன்று உண்டு. ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த எல்லோரும் போட்டுக் கிழித்ததுதான். பற்றுப் பக்கம் தொடக்கச் சரக்கிருப்பு, கொள்முதல். வரவுப் பக்கம் விற்பனை, இறுதிச் சரக்கிருப்பு. ஒரு பக்கத்தை எழுதாமல் கொடுத்தால் வாத்தியார் பேப்பரை மூஞ்சியில் விட்டெறிவார். ஆனால் பேய்க்கடைக் கதை எழுதுகிறவர்கள் காலம் காலமாக வரவுப் பக்கத்தை மட்டுமே எழுதிக் கைதட்டல் வாங்குகிறார்கள். வாங்குகிறவன் ஆன்மாவை விற்றான், கையெழுத்துப் போட்டான், நாசமாய்ப் போனான்... எல்லாம் விற்பனை. அந்தத் தோல் யாருடையது? எவ்வளவுக்கு வாங்கினார்? யார் கொண்டுவந்து போட்டது? கேட்டால் "அவர் பேய்ப்பா, அவருக்கு எதுவும் கிடைக்கும்" என்று ஒரே பதில். கொம்பு செய்கிற வேலையே அதுதான். கொம்பைப் பார்த்ததும் சப்ளையர் யார் என்கிற கேள்வி செத்துவிடும்.

மனிதத் தோல் நோட்டும் ரத்த மையும் கற்பனைச் சரக்கு என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய்ப் பார்க்கலாம். இரண்டுமே அங்கே இருக்கின்றன.

1827 நவம்பர். அந்த ஊரின் வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேர் என்பவனின் விடுதியில் தங்கியிருந்த ஒரு கிழவர் நோயில் செத்துப்போகிறார். வாடகை பாக்கி 4 பவுண்டு. ஹேரும் அவன் கூட்டாளி வில்லியம் பர்க்கும் பாக்கியை வசூலிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிணத்தை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூற்றியல் பள்ளிக்கு விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். வாராக்கடன் வசூலானதோடு லாபமும் வந்துவிட்டது! அப்புறம் யாராவது தானாகச் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 1828-ல் 16 பேரைக் கொன்றார்கள். குளிர்காலத்தில் ஒரு உடலுக்கு 10 பவுண்டு, கோடையில் 8. கோடையில் சரக்கு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் விலை குறைவு. எவ்வளவு ஒழுங்கான சந்தை பாருங்கள்.

செத்தவர்கள் யார்? கூலிகள், பிச்சை எடுத்தவர்கள், வழிப்போக்கர்கள், ஊரே அறிந்த மனவளர்ச்சி குன்றிய ஒரு பையன். தேடி வர ஆளில்லாதவர்கள். வாங்கிய டாக்டர் நாக்ஸ், "இவ்வளவு புதுசாக எங்கிருந்தப்பா கிடைக்கிறது" என்று துருவிக் கேட்கவில்லை. ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பித்தான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. அவருடைய ஜன்னலை ஊர்க்காரர்கள் கல்லால் அடித்தார்கள், அத்தோடு சரி. (நற்பெயரை ஏன் புலனாகாச் சொத்து என்கிறார்கள் என்பது இங்கே விளங்கும்.) மாட்டியது பர்க் மட்டும். 1829 ஜனவரி 28 அன்று தூக்கு. அவன் உடலையும் அறுத்தார்கள். அறுத்த பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோ, பேனாவை அவன் ரத்தத்தில் தொட்டு, இது பர்க்கின் ரத்தத்தால் எழுதியது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அவன் தோலில் சட்டைப்பைக்கு அடக்கமாக ஒரு குறிப்பேடு செய்தார்கள். அந்தக் குறிப்பேடு எடின்பரோவின் சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரத்த மை, தோல் நோட்டு, இருட்டுச் சந்து, கல் பாவிய தெரு எல்லாம் வந்துவிட்டது. கொம்பு மட்டும் எங்கே? பேராசிரியருக்கு இருந்தது கோட்டும் பட்டமும்தான்.

இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. இப்படிக் கொலை நடக்காமல் தடுக்க 1832-ல் பிரிட்டனில் உடற்கூற்றியல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதுவரை தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல்தான் சட்டப்படி கிடைக்கும். இனிமேல் ஏழைகள் விடுதிகளில் செத்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களையும் கொடுக்கலாம் என்றார்கள். சப்ளை பிரச்சினை தீர்ந்தது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது ஏழைக்கு விதியானது.

பர்க்காவது கொலைகாரன், அவன் தோலுக்கு என்ன பரிதாபம் என்று கேட்கலாம். சரி, மேரி லிஞ்ச்? அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஏழை விதவை. 1869-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியில் செத்தார். வயது 28. பிணப் பரிசோதனை செய்த டாக்டர் ஜான் ஸ்டாக்டன் ஹஃப் அவர் தோலில் ஒரு துண்டை எடுத்துப் பதப்படுத்தி வைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்துத் தன் சேகரிப்பில் இருந்த மூன்று புத்தகங்களுக்கு அதை பைண்டு செய்தார். மூன்றும் பெண்களின் உடல்நலம், கருத்தரிப்பு பற்றியவை. அவர் அதை வேடிக்கையாக நினைத்தாரா, மரியாதையாக நினைத்தாரா, யாருக்குத் தெரியும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகத்திலும் ஒன்று இருந்தது. ஆன்மாவின் கதியைப் பற்றி ஆர்சென் ஊஸே எழுதிய பிரெஞ்சுப் புத்தகம். லுதோவிக் பூலான் என்ற டாக்டர், தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் செத்த ஒரு பெண்ணின் தோலை யார் சம்மதமும் இல்லாமல் எடுத்து அட்டை போட்டார். மனித ஆன்மா பற்றிய புத்தகத்துக்கு மனிதத் தோல்தான் பொருத்தம் என்று புத்தகத்திலேயே குறிப்பும் எழுதி வைத்தார். 2014-ல் சோதனை செய்து மனிதத் தோல்தான் என்று உறுதியானபோது நூலகம் அதை ஜோக்கடித்து அறிவித்தது. பத்து வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அட்டையைக் கழற்றிவிட்டு வருத்தம் தெரிவித்தது. அப்போது நூலகமே ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் உண்டு: அங்கே பகுதிநேர வேலைக்கு வந்த மாணவர்களிடம், அட்டை எதனால் ஆனது என்று சொல்லாமல், அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி ராகிங் செய்திருக்கிறார்கள். நம் ஊர் ஹாஸ்டல் சீனியர்கள் தோற்றார்கள்.

"இதெல்லாம் வரலாறு, அது ஃபேன்டஸி. ரசிக்கத் தெரியாதவர்கள் ஜல்லியடிக்கிறார்கள்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். ரசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தடை செய்யச் சொல்வதும் இல்லை. சீனாவின் ஷென்யாங் நகரில் 2005-ல் அதைத்தான் செய்தார்கள். பெயர் எழுதினால் ஆள் சாகும் நோட்டைப் பற்றிய ஜப்பானிய காமிக்ஸ் 'டெத் நோட்'. அதைப் பார்த்துப் பையன்கள் தங்கள் நோட்டிலும் பிடிக்காத வாத்தியார் பெயரை எழுதினார்கள். உடனே பள்ளிகளில் காமிக்ஸுக்குத் தடை. பையன் வாத்தியார் பெயரை ஏன் எழுதினான் என்று விசாரிப்பதைவிட நோட்டைப் பிடுங்குவது சுலபம் அல்லவா. நோட்டைத் திட்டுவதும் பேயைத் திட்டுவதும் ஒரே வகைச் சோம்பேறித்தனம்.

கேட்பதெல்லாம் பற்றுப் பக்கத்தையும் எழுதுங்கள் என்பதுதான். எழுதினால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது சும்மா பேச்சு. எடின்பரோவில் வாழ்ந்த ஒருவரே எழுதிக் காட்டியிருக்கிறார். ஹாரி பாட்டர் கதையில் லண்டனின் நாக்டர்ன் சந்தில் 'போர்கின் அண்ட் பர்க்ஸ்' என்று ஒரு கடை வரும். மனித எலும்பு, வாடிய கை, ரத்தக்கறை படிந்த சீட்டுக்கட்டு எல்லாம் விற்பார்கள். கல்லாவில் பேய் இல்லை, குழைந்து பேசும் ஒரு மனிதர். (கடைப் பெயரில் பர்க் இருப்பது தற்செயலோ என்னவோ.) அந்தக் கதையிலேயே படுபயங்கரமான ஸ்டேஷனரி எது? டாம் ரிடிலின் டைரி. அது வாங்கியது நாக்டர்ன் சந்தில்கூட இல்லை, வாக்ஸ்ஹால் ரோட்டில் ஒரு சாதாரணக் கடையில்.

ஆறாவது புத்தகத்தில் அந்தக் கடையின் கொள்முதல் ஒன்றும் வருகிறது. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், கந்தல் உடுத்தி, நிறைமாதமாக ஒரு பெண் கடைக்கு வருகிறாள். கையில் இருப்பது விலைமதிப்பே இல்லாத குடும்பச் சொத்து, ஒரு தங்க லாக்கெட். பர்க் பார்த்த உடனே அது என்ன என்று தெரிந்துகொள்கிறார். அவளுக்கு அதன் மதிப்பு தெரியாது என்பதையும் தெரிந்துகொள்கிறார். கொடுத்தது பத்து கேலியன். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள்.