அட்டவணையில் ஏறாத நூல்

சென்ற ஆண்டு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றிற்குப் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். இசுலாமியத் தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் ஒன்றாகிய கிஸ்ஸாவைப் பற்றியது ஆய்வு. உழைப்பும் தெளிவும் உடைய ஆய்வாளர். தாம் எடுத்துக்கொண்ட நூலைத் தமக்கு முன் எவரும் ஆராய்ந்திலர் என்று முன்னுரையில் எழுதியிருந்தார். அவையில் அமர்ந்திருந்த முதுபேராசிரியர் ஒருவர் மெல்ல எழுந்து, "தம்பி, இந்நூலைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கட்டுரை எழுதினேனே, அது வெளிவந்த இதழை இப்போது இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்களே" என்றார். ஆய்வாளரின் முகம் வாடிற்று. "ஐயா, பலமுறை தேடினேன், ஒன்றும் வரவில்லை" என்றார்.

இருவர் கூற்றும் மெய்யே. கட்டுரை இணையத்தில் இருந்தது, தேடியவருக்குக் கிடைக்கவில்லை. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று அறியும் ஆவலால் எம் கல்லூரிக் கணினித் துறை நண்பர் ஒருவருடன் அமர்ந்து அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். இதழ்கள் யாவும் ஒழுங்காகவே ஏற்றப்பட்டிருந்தன. ஆனால், ஆண்டையும் மாதத்தையும் ஒரு பெட்டியில் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால்தான் பக்கம் திறக்கும். மனிதன் அழுத்துவான். கூகுள், பிங் போன்ற தேடுபொறிகள் அனுப்பும் நிரலோ ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்குச் செல்லும் இயல்பினது. பெட்டிகளை நிரப்பிப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. வழியில்லாத பக்கத்தை அது கண்டதே இல்லை. நூலகத்தின் பின்கட்டில் நூல்களை அடுக்கிவிட்டு, முன்கட்டிலுள்ள அட்டைப் பெட்டியில் ஓர் அட்டையும் வைக்காது விட்டதற்கு ஒப்பாகும் இது.

இக்குறையை நீக்கும் கருவி ஒன்று ஏறத்தாழ இருபதாண்டுகளாக வழக்கில் உள்ளது. 'சைட்மேப்' என்பது அதன் பெயர். 2005ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் இதனை அறிமுகம் செய்தது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாப்ட்டும் உடன்சேர்ந்து இதனையே பொதுவழக்காக ஏற்றுக்கொண்டன. தொழிலில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே வடிவத்திற்கு உடன்பட்டமை வியப்புக்குரியது. நம் புலவர்கள் ஒரு நூலின் பாடத்தில்கூட அவ்வளவு விரைவில் உடன்பட்டதில்லை! தமிழில் இதனைத் 'தளவரைபடம்' என்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. திசையோ கோடோ எல்லையோ இதில் ஏதுமில்லை. ஒரு தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்த பட்டியலே இது. அட்டவணை என்ற நம் சொல்லே இதற்குப் பொருந்தும்.

அட்டவணை செய்தல் அறிவுலகில் சிறுதொழிலன்று. பக்தாது நகரத்துப் புத்தக வணிகரான இப்னுன் நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், தம் காலம்வரை அரபு மொழியில் இருந்த நூல்களையெல்லாம் பத்துப் பகுப்புகளில் அடக்கி 'கிதாபுல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலை இயற்றினார். அவர் குறித்துவைத்த நூல்களுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் அழிந்துபட்டன. பெயர்கள் மட்டும் அவர் பட்டியலால் வாழ்கின்றன. தமிழில் ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டு அச்சு நூல்களுக்கு ஒரு வகைப்பட்டியல் வெளியிட்டார். இன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆராய்வோர் அதனைத் தொடாது செல்ல இயலாது. பட்டியலிடுவோன் படைப்பாளி அல்லன் எனினும், படைப்பைப் படிப்பவனிடம் சேர்ப்பிப்பவன் அவனே.

இப்புதிய அட்டவணையின் இலக்கணம் எளிது. ஒவ்வொரு பதிவிலும் பக்கத்தின் முகவரி இருத்தல் கட்டாயம். அப்பக்கம் இறுதியாகத் திருத்தப்பட்ட நாளையும் குறிக்கலாம். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள்வரை அடங்கும். கோப்பின் அளவு 50 மெகாபைட்டைத் தாண்டலாகாது. மிகுமாயின் பல கோப்புகளாகப் பகுத்து, அவற்றிற்கெல்லாம் மேலாக ஓர் அட்டவணைக்கு அட்டவணை அமைக்கலாம். தளத்தின் வாயிலில் தேடுபொறிகளுக்கென வைக்கப்படும் 'ரோபோட்ஸ்' என்னும் குறிப்புக் கோப்பில் அட்டவணை இருக்குமிடத்தை ஒரு வரியில் அறிவித்துவிட்டால் போதும். சற்றேறக்குறைய ஐந்நூறு பக்கங்களுக்குட்பட்டு, எல்லாப் பக்கங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட சிறு தளத்திற்கு இது தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளே கூறுகிறது. ஆண்டுதோறும் பெருகும் இதழ்த் தொகுப்புக்கோ இன்றியமையாதது.

இதில் என்னைப் பெரிதும் ஈர்த்தது திருத்திய நாள் என்னும் செய்தி. தளம் அமைத்துத் தருவோர் சிலர், எல்லாப் பக்கத்திற்கும் இன்றைய நாளையே எழுதும்படி நிரலை ஏவிவிடுகின்றனர். புதிது எனக் கண்டு தேடுபொறி ஓடிவரும் என்பது அவர் எண்ணம். சிலமுறை வந்து பார்த்து, பழைய பக்கமே பழையபடி கிடக்கக் கண்டால், அத்தளத்தார் எழுதும் நாளை அது நம்புவதில்லை. பக்கத்தின் சிறப்பை 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் இட்டுச் சொல்லவும் இவ்வட்டவணையில் இடமுண்டு. எல்லோரும் தத்தம் பக்கத்திற்கு முழு மதிப்பெண்ணே இட்டுக்கொள்வர் என்பதை யார்தான் அறியார்! கூகுள் அம்மதிப்பெண்ணைப் பொருட்படுத்துவதே இல்லை.

தமிழில் பெயரிடப்பட்ட பக்கங்களுக்குத் தனியொரு தொல்லை உண்டு. முகவரியைத் தமிழெழுத்தில் அமைத்தால், அட்டவணையில் அதனை அவ்வாறே எழுதாமல் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்தும் கலந்த மறைவடிவில் எழுதுதல் வேண்டும். 'தமிழ்' என்று நாம் மூன்றெழுத்தாக எண்ணும் சொல் கணினிக்குத் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து அலகு. ஓர் அலகுக்கு மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாக விரியும். ஆக, ஒரு சொல் 45 குறிகளாகப் பெருகுகிறது. முகவரியின் நீளம் 2,048 குறிகளுக்குட்பட வேண்டும் என்பது விதியாதலால், நம் பழைய கட்டுரையாசிரியர்கள் சூட்டிய நெடுந்தலைப்புகளை அப்படியே முகவரியாக்கினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இடையில் ஒரு குறி பிழைத்தாலும் அம்முகவரி எந்தப் பக்கத்தையும் காட்டாது. தமிழறியாத ஒருவர் அதனைச் சரிபார்க்கவும் இயலாது.

ஆகவேதான், இப்பணியைத் தளம் அமைக்கும் ஒப்பந்தக்காரரிடம் முற்றிலும் விட்டுவிடலாகாது, தமிழ்த்துறையே ஏற்க வேண்டும் என்கிறேன். கோப்பைச் செய்து தருவது நிரலின் வேலை; அதில் எது ஏற வேண்டும், எது ஏறலாகாது என்று தீர்மானிப்பது பதிப்பாசிரியனின் வேலை. ஒரே கட்டுரை மூன்று முகவரிகளில் திறக்குமாயின் எதனை மூலபாடமாகக் கொள்வது? வெற்றுப் பக்கங்களையும், மாணவியரின் தொலைபேசி எண்களும் இல்ல முகவரிகளும் கொண்ட பழைய பட்டியல்களையும் நிரல் தானாகவே அள்ளிக் கொட்டிவிடும். இவ்வட்டவணை தேடுபொறிக்கு மட்டுமன்றி, அதன் இருப்பிடம் அறிந்த எவர்க்கும் திறந்தே கிடக்கும் ஓலை என்பதை மறத்தலாகாது. அத்தகைய பட்டியல்களை அட்டவணையிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. தளத்திலிருந்தே நீக்குதல் வேண்டும்.

"அட்டவணை இட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா?" என்று துறை நண்பர் ஒருவர் வினவினார். கிடைக்காது. தேடுபொறி என்பது மாபெரும் சொல்லடைவு. 'இப்பக்கம் இருக்கிறது' என்று நாம் அறிவிக்கலாமேயன்றிச் சொல்லடைவில் சேர்த்துக்கொள் என்று ஆணையிட இயலாது. பக்கத்தை வெறும் படமாக எடுத்து ஏற்றியிருந்தால் அதிலுள்ள எழுத்தைத் தேடுபொறி பிழையறப் படிக்கும் என்று நம்பியிருத்தலும் கூடாது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் பலவகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஏற்றியவற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1999ஆம் ஆண்டு சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்து எழுத்துருவில் உறங்கும் கட்டுரைகள், தேடுபொறியின் கண்ணுக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அட்டவணையில் ஏற்றுவதால் பயன் விளையும். ஓலையைப் படியெடுக்காமல் ஏட்டுப்பட்டி மட்டும் எழுதி வைப்பவர் செயலை நாம் மெச்சுவதில்லையே.

முன்னர்க் கூறிய இதழை நடத்தும் அமைப்பினர்க்கு நானும் நண்பரும் விளக்கமாக ஒரு மடல் எழுதினோம். தளம் அமைத்தவரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதியவர் வந்தபின் பார்க்கலாம் என்று இருவரியில் மறுமொழி வந்தது. முதுபேராசிரியரின் கட்டுரை இன்றும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்த ஆய்வாளர் தம் முன்னுரையில் அவ்வொரு வரியை அடித்துவிட்டு, கட்டுரையை முதுபேராசிரியரின் இல்லத்திற்கே சென்று படித்துவந்து, ஓர் இயலில் சேர்த்தார் என்று அறிகிறேன்.

எம் துறை மலர்களுக்கேனும் அந்நிலை நேரலாகாது என்று இவ்வாண்டு முதுகலை மாணவர்களைக்கொண்டு பணியைத் தொடங்கினோம். ஆளுக்கொரு மலர் எனப் பகிர்ந்து, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், பக்க எண், ஆண்டு ஆகியவற்றை ஒருங்குறியில் எழுதிவருகின்றனர். பொருளடக்கத்தில் இடம்பெறாமல் உள்ளே மட்டும் அச்சாகியிருந்த இரண்டு கட்டுரைகளை ஒரு மாணவி கண்டெடுத்தார். இருபதாண்டுகளாக நாங்கள் எவரும் அவற்றைக் கண்டதில்லை. முகவரிகளுக்கு ஆண்டும் வரிசை எண்ணும் மட்டுமே இடுவதென முடிவுசெய்துள்ளோம். தொடக்க கால மலர்களுள் மூன்று துறையிலும் இல்லை, நூலகத்திலும் இல்லை. பழைய மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ தம் இல்லங்களில் அவற்றை வைத்திருப்பின் துறைக்குத் தந்துதவுமாறு வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பித் தருவோம்.