குலசையில ராக்கெட்டு வருது... படகு மேல விழுந்தா பணம் தருவது யாரு?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் 2-வது ராக்கெட் ஏவுதளத்துக்கு பிரதமர் மோடி 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போனால் இலங்கையை சுற்றி வளைய வேண்டும். இங்கிருந்து நேராக தெற்கே விடலாம், எரிபொருள் மிச்சம். தனியார் ராக்கெட்டுகளுக்கும் இங்கே இடம் உண்டு.

தனியார் ராக்கெட் என்பது கனவு இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த மேடையில் இருந்தே சோதனை ராக்கெட்டை பறக்க விட்டது.

ராக்கெட் விடும் நாளில் மீனவர்களை கடலுக்கு போகாதே என்பார்கள். அதையும் மீறி, கோளாறான ராக்கெட் திசை மாறி ஒரு படகு மேல் விழுந்தால்?

வெளிநாட்டு படகு என்றால் வழி இருக்கிறது. 1972-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி ராக்கெட்டை விட்ட நாடு நஷ்டஈடு தந்தே ஆகணும். தப்பு யார் மேல் என்ற பேச்சே கிடையாது. விட்டது தனியார் கம்பெனியாக இருந்தாலும் பில் வருவது அரசாங்கத்துக்குத்தான்.

1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மாஸ்-954 செயற்கைகோள் அணு உலையோடு கனடாவில் நொறுங்கி விழுந்தது. கனடா 60 லட்சம் டாலர் கேட்டது. பேசிப் பேசி 1981-ல் 30 லட்சம் கனடா டாலரில் முடிந்தது.

சிக்கல் நம்ம ஊர் படகுக்குத்தான். ராக்கெட் விட்ட நாட்டின் சொந்த குடிமக்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்கிறது அதன் 7-வது பிரிவு. அவங்களை உள்நாட்டு சட்டம் பார்த்துக்கும் என்ற கணக்கு.

அந்த சட்டம் எங்கே? 2017-ல் விண்வெளி நடவடிக்கை மசோதா என்று ஒரு வரைவை வெளியிட்டு கருத்து கேட்டார்கள். அந்த மசோதா சட்டமாகவில்லை. பிறகு வந்தது 2023-ம் ஆண்டு விண்வெளி கொள்கை. தனியாருக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பு 2024-ல் விதிமுறைகளும் வெளியிட்டது. ஆனால் கொள்கை வேறு, நாடாளுமன்ற சட்டம் வேறு. பிரான்ஸ் 2008-லும், ஜப்பான் 2016-லும் சட்டமே போட்டு விட்டன. அமெரிக்காவில் ராக்கெட் கம்பெனியிடம் 50 கோடி டாலர் வரை மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கேட்கிறார்கள்.

ரோட்டில் லாரி இடித்தால்கூட இன்சூரன்சும் விபத்து தீர்ப்பாயமும் இருக்கு. ராக்கெட்டுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. ஆபத்தான தொழில் நடத்துபவரே முழு பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் விஷவாயு கசிவு வழக்கில் சொன்ன தீர்ப்பை வைத்து வாதாடலாம். அதுக்கு வக்கீல் பிடிக்கணும், வருஷக்கணக்கில் நடக்கணும். படகை இழந்தவரால் அது ஆகிற காரியமா?

முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே மணப்பாடு, ஆலந்தலை மீனவர்கள் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் இருக்கின்றன. இன்சூரன்ஸ் எவ்வளவு தொகைக்கு? தொழிலுக்கு போகாத நாளுக்கு பணம் உண்டா? மனுவை கலெக்டர் ஆபீசில் கொடுப்பதா, ஆமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேசுக்கு அனுப்புவதா?